ப்ராம்ப்டில் எவ்வளவு எழுதலாம்?

(இரண்டாம் ஆண்டு மாணவர், கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு)



லேபில் டெர்மினலைத் திறந்தவுடன் கண்ணில் படுவது ப்ராம்ப்ட். "சொல்லுப்பா, என்ன செய்யணும்?" என்று கணினி நம்மைக் கேட்கும் இடம் அது. இந்த ஒரு வரியை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் நம் வகுப்பில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு வெறும் டாலர் குறி போதும். இன்னொரு கட்சிக்கு கிட் சொல்லும் எல்லாமே அங்கே வேண்டும்: எந்த பிராஞ்ச், எத்தனை ஃபைல் மாறியிருக்கிறது, எது கமிட் ஆகவில்லை, எது புஷ் ஆகவில்லை, அத்தனையும் கலர் கலராக!

மேலோட்டமாகப் பார்த்தால் இது அழகு பற்றிய சண்டை. ஆனால் மூன்று பேர் சேர்ந்து ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்யப்போகும் நமக்கு இது மார்க் சம்பந்தப்பட்ட விஷயம். எப்படி என்று இக்கட்டுரையில் காண்போம்.

ப்ராம்ப்ட் எதற்காக?

1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் இருந்தது. அதில் சாதாரண யூசருக்கு $ குறி, சூப்பர் யூசருக்கு # குறி. பிரையன் ஃபாக்ஸ் க்னூ திட்டத்துக்காக எழுதி 1989-இல் வெளிவந்த பாஷிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. இன்றும் நாம் அதைத்தான் பார்க்கிறோம்.

அந்த # குறி ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே கமாண்ட்தான், விளைவு வேறு. அழிக்கும் கமாண்டை $ குறியில் தட்டினால் நம்முடைய ஃபைல் போகும். # குறியில் தட்டினால் சிஸ்டமே போகலாம். மெஷின் பெயரும் டைரக்டரி பெயரும் ப்ராம்ப்டில் சேர்ந்ததற்கும் இதே காரணம்தான். எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து கமாண்டின் பலன் மாறுகிறது.

ஆக, நமக்கு ஒரு அளவுகோல் கிடைத்துவிட்டது. அடுத்து தட்டப்போகும் கமாண்டின் அர்த்தத்தை எது மாற்றுகிறதோ, அது ப்ராம்ப்டில் இருக்க வேண்டும். மற்றதைத் தேவைப்படும்போது கேட்டுக்கொள்ளலாம்.

எது இருக்க வேண்டும்?

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் உருவாக்கிய கிட்டுக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம்.

1. பிராஞ்ச் பெயர். கமிட் என்று தட்டினால் அது எங்கே போய்ச் சேரும் என்பதை பிராஞ்ச்தான் முடிவு செய்கிறது. எனவே அவசியம் வேண்டும். இதற்குச் செலவும் இல்லை. சாதாரணமாக கிட் டைரக்டரிக்குள் ஹெட் என்ற ஒரு வரி ஃபைலில் இந்தப் பெயர் இருக்கும்.

2. பாதியில் நிற்கும் வேலை. மெர்ஜ் அல்லது ரீபேஸ் முடியாமல் நின்றால் அதையும் காட்ட வேண்டும். நம் சீனியர்களில் ஒரு டீம் மூன்று பேரும் ஒரே லாகினில் வேலை செய்தார்கள். ஒருவர் புல் செய்ய, கான்ஃப்ளிக்ட் வந்தது. மணி அடித்துவிட்டது, அப்படியே எழுந்து போய்விட்டார். மறுநாள் அடுத்தவர் வந்து, விஷயம் தெரியாமல், எல்லா ஃபைலையும் சேர்த்து கமிட் செய்யும் கமாண்டைத் தட்டினார். மெர்ஜ் முடிந்துவிட்டது! <<<<<<< என்ற குறிகள் எல்லாம் ஃபைலுக்குள்ளேயே தங்கிவிட்டன. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முன்னால்தான் கம்பைல் எரர் வந்தது. ப்ராம்ப்டில் 'மெர்ஜிங்' என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் அவர் கை நின்றிருக்கும்.

எது வேண்டாம்?

கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் * குறி, புதிய ஃபைல் இருந்தால் % குறி, இவையெல்லாம் ப்ராம்ப்டுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. மூன்று காரணங்கள்:

முதலாவது, கவனம். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்தது நான்தான் முதல். அப்பா லாரி டிரைவர், ஏழாவது வரை படித்தவர். லாரி டாஷ்போர்டில் டீசல் முள் எப்போதும் தெரியும். ஆயில் பிரஷர் விளக்கு, வண்டி ஓடும்போது எரிந்தால் ஆபத்து என்று அர்த்தம். டயரில் காற்று இருக்கிறதா என்பதை வண்டியை நிறுத்தி, இறங்கி, தட்டிப் பார்த்துக்கொள்வார். ஆயில் விளக்கு நாள் முழுவதும் எரிந்துகொண்டே இருந்தால் அதை எந்த டிரைவர் மதிப்பார்? நாம் புரோகிராம் எழுதும் நேரம் முழுவதும் அந்த * குறியும் எரிந்துகொண்டேதான் இருக்கும். இரண்டே நாளில் கண்ணுக்குப் பழகிப்போய்விடும்.

இரண்டாவது, நேரம். * குறியைக் காட்ட வேண்டுமானால், தன் கணக்கில் உள்ள ஒவ்வொரு ஃபைலும் மாறியிருக்கிறதா என்று கிட் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும் இது நடக்கும். 2017-இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் சோர்ஸ் கோடை கிட்டுக்கு மாற்றியபோது அதில் சுமார் 35 லட்சம் ஃபைல்கள். தனி ஏற்பாடு செய்வதற்கு முன் அதில் கிட் ஸ்டேட்டஸ் கமாண்டுக்கு ஏறக்குறைய 10 நிமிடம் ஆனது. நம் ப்ராஜெக்ட் அவ்வளவு பெரிசு இல்லைதான். ஆனால் நம் ஹோம் டைரக்டரி சர்வரில் இருந்தால், ஒவ்வொரு ஃபைலையும் நெட்வொர்க் வழியாகக் கேட்க வேண்டி வரும். ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதிய நூலில், 0.1 விநாடிக்குள் பதில் வந்தால்தான் உடனே வந்ததாக மனிதனுக்குத் தோன்றும் என்கிறார். அதைத் தாண்டினால் ஒவ்வொரு என்டருக்கும் ஒரு இழுவை!

மூன்றாவது, பாதுகாப்பு. இதுதான் லேப் மாணவர்களான நமக்கு முக்கியம். பலர் பயன்படுத்தும் மெஷினில், மேல் டைரக்டரி ஒன்றில் வேறொருவர் ஒரு கிட் டைரக்டரியை உருவாக்கி, ஏதாவது ஒரு புரோகிராமை ஓட்டச் சொல்லி அதன் கான்ஃபிக் ஃபைலில் எழுதி வைக்க முடிந்தது. அந்த இடத்துக்குக் கீழே நிற்கும்போது நம் ப்ராம்ப்ட் தானாக கிட்டை ஓட்டினால், அந்தப் புரோகிராம் நம் பெயரில் ஓடும். நாம் ஒரு எழுத்துகூட தட்டியிருக்க மாட்டோம்! இந்த ஓட்டை 2022 ஏப்ரலில் வெளிவந்த கிட் 2.35.2 பதிப்பில் அடைக்கப்பட்டது. அடுத்தவருக்குச் சொந்தமான ரிப்போவை இப்போது கிட் ஏற்க மறுக்கிறது. பழைய பதிப்பு இருக்கும் மெஷின்களில் உஷாராக இருங்கள்.

அப்படியானால் யார் ஞாபகப்படுத்துவது?

"கமிட் பண்ண மறந்துட்டா என்னடா பண்றது?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. லேபில் அடுத்த பேட்ச் வந்து உட்கார்ந்துவிடும், சில சமயம் மெஷினையே ஃபார்மட் செய்துவிடுவார்கள். ஆனால் அந்த ஞாபகம் எப்போது வேண்டும்? நாற்காலியை விட்டு எழும்போது. எனவே அதை வாசலில் வைப்போம்.

செய்முறை:

• கிட்டோடு கூடவே வரும் ப்ராம்ப்ட் ஸ்கிரிப்டை பாஷ்-ஆர்சி ஃபைலில் சோர்ஸ் செய்யவும். பிராஞ்ச் பெயர், மெர்ஜிங், ரீபேஸ் ஆகியவற்றை அதுவே காட்டும்.

• பி.எஸ்.1 மாறியில் அந்த ஃபங்ஷனைச் சேர்க்கும்போது ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதவும். இரட்டைக் குறிக்குள் எழுதினால் ஷெல் தொடங்கும்போது ஒருமுறை மட்டும் கணக்கிடும். பிறகு பிராஞ்ச் மாறினாலும் பழைய பெயரே நிற்கும். தவறான பெயரைக் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் இருப்பதே மேல்.

• 'டர்ட்டி ஸ்டேட்' என்று முடியும் மாறியைத் தொடாமல் விட்டுவிடவும்.

• ட்ராப் கமாண்டில் எக்ஸிட் என்பதற்கு கிட் ஸ்டேட்டஸையும், அடுத்து ரீட் கமாண்டையும் கொடுக்கவும். ரீட் இல்லாவிட்டால் படிப்பதற்குள் விண்டோ மூடிவிடும். ஸ்டேட்டஸுக்கு எஸ், பி என்ற இரண்டு ஆப்ஷன்களையும் கொடுத்தால் 'அஹெட் 2' என்பது போல வரும். இரண்டு கமிட் இன்னும் புஷ் ஆகவில்லை என்று பொருள்.

இதற்கும் ஒரு குறை உண்டு. நாம் நிற்கும் ரிப்போவை மட்டுமே இது பார்க்கும். எக்ஸிட் தட்டாமல் விண்டோவை மவுஸால் மூடினால் நாம் எதையும் படிக்க முடியாது. ஆகவே எக்ஸிட் என்று தட்டி வெளியே வரும் பழக்கம் வேண்டும்.

முடிவாக, தட்டுவதற்கு முன் தெரிய வேண்டியதை ப்ராம்ப்டில் வையுங்கள். கிளம்புவதற்கு முன் தெரிய வேண்டியதை எக்ஸிட்டில் வையுங்கள். மற்றதை ஸ்டேட்டஸ் தட்டிக் கேளுங்கள். ப்ராஜெக்ட் தொடங்கும் முதல் நாளே டீமில் மூன்று பேரும் உட்கார்ந்து இதைச் செய்துவிடுங்கள், பத்து நிமிட வேலைதான். ஆறு மாத உழைப்பு பத்திரமாக எக்ஸாமினர் மேஜைக்குப் போய்ச் சேரட்டும்!