புதன் கோளின் சுருக்கங்கள்

எங்கள் ஊர் திருப்பருத்திக்குன்றம். பெயரில் குன்றம் உண்டு. ஏறி இறங்க ஒரு மலை இல்லை. ஆகவே மலைமுகடுகள் பற்றிய பாடத்தை நாங்கள் பட்டுத் துணியில்தான் கற்றோம்.

ஒரு துண்டைத் தரையில் விரித்து, இருவர் எதிரெதிரே அமர்ந்து உள்நோக்கித் தள்ளினோம். தள்ளிய திசைக்குக் குறுக்கே மடிப்புகள் எழுந்தன; துண்டின் நீளம் குறைந்தது. இந்திய நிலத்தட்டு ஆசியாவை நெருக்கியதால் இமயம் உயர்ந்ததும் இவ்வாறே. ஆனால் புதன் கோளில் நகரும் நிலத்தட்டுகள் இல்லை. அதன் மேலோடு ஒரே தட்டு. அப்படியானால் அங்கே தள்ளியது யார்?

1974-75ஆம் ஆண்டுகளில் மாரினர் 10 விண்கலம் புதனை மும்முறை நெருங்கிச் சென்று, அதன் பாதிக்கும் குறைவான பரப்பைப் படமெடுத்தது. மெசஞ்சர் விண்கலம் 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிவந்து முழுப் பரப்பையும் படமெடுத்தது. எங்கு நோக்கினும் நீண்ட முகடுகளும் செங்குத்துச் சரிவுகளும் காணப்பட்டன.

காரணம் உள்ளே இருந்தது. 4,880 கிலோமீட்டர் விட்டமுள்ள புதனின் உள்ளே மிகப் பெரிய இரும்புக் கரு உண்டு. அது ஆறஆறச் சுருங்கியது. மேலோடு உடலுக்குப் பெரிய சட்டைபோல் ஆயிற்று. வெயிலில் காயும் நார்த்தங்காயின் தோல் சுருங்குவதை வீட்டில் காண்கிறோம் அல்லவா? ஆனால் பாறை தோலைப்போல் எளிதில் மடியாது. அது உடைந்து, ஒரு பகுதி மற்றொன்றின்மேல் ஏறியது. அதுவே சரிவாயிற்று. புதனின் ஆரம் இவ்வாறு 7 கிலோமீட்டர் வரை குறைந்திருக்கலாம் என்று 2014இல் அறிஞர்கள் கணித்தனர்.

இவற்றின் வயதை அறிவது எப்படி? புதனின் வட்டப் பள்ளங்களுக்குக் கலைஞர்களின் பெயர் சூட்டுவது மரபு. திருவாரூரில் பிறந்த தியாகராஜரின் பெயரும் அங்கு உண்டு. பிரெஞ்சு இசையறிஞர் ராமோவின் பெயர் தாங்கிய பள்ளத்தை, 500 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட டிஸ்கவரி சரிவு குறுக்கே வெட்டிச் செல்கிறது. வெட்டுண்ட பள்ளம் மூத்தது. வெட்டிய சரிவு இளையது. எழுத்தில்லா வரலாற்றை இப்படித்தான் படிக்கிறார்கள்.

புதனின் முகடுகளை நம் கண்ணால் காண இயலாது. நிலவின் கரிய சமவெளிகளிலும் சுருக்க முகடுகள் உண்டு. அவற்றுட் சிலவற்றை அரைநிலா நாட்களில், ஒளியும் இருளும் சேரும் எல்லையருகே, சிறு தொலைநோக்கியிலும் காணலாம்.

இதையெல்லாம் எங்களுள் ஒருத்தியின் பாட்டியிடம் சொன்னோம். தறியில் அமர்ந்திருந்த அவர், "துணி சுருங்கினால் துணியை வையாதே, கண்ணு. பாவில் இழுவை எங்கே தளர்ந்தது என்று பார்" என்றார்.

எங்களுள் சிலர் மேலே படிக்கப் போகிறோம். சிலர் இந்த ஆண்டோடு தறியில் அமரக்கூடும். எங்கிருந்தாலும் சுருக்கத்தைக் கண்டால் உள்ளே இருக்கும் காரணத்தைத் தேடுவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி