பழைய பதிப்பும் புதிய பதிப்பும்

புதிய பதிப்பு வந்தவுடன் பழையதை அழித்துவிடுதல் கணினி பயிலும் மாணவரிடையே காணப்படும் வழக்கமாகும். அஃது எப்பொழுதும் நன்றன்று என்பதை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வோம்.

‘தமிழ்’ என்னுஞ் சொல்லில் எழுத்து எத்தனை? இலக்கணம் பயின்ற நாம் 3 என்போம். பைதன் என்னும் நிரல்மொழியின் மூன்றாம் பதிப்பு 5 என்னும். இகரக் குறியையும் ழகரத்தின் மேலுள்ள புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகின்றது. இரண்டாம் பதிப்போ, யூனிக்கோடு முறையிற் சேமித்த அச்சொல்லின் பைட்டுகளை எண்ணிப் பொதுவாக 15 என விடை தரும். ஆதலின், பழைய பதிப்புக்கென எழுதிய நிரலைப் புதியதில் இயக்கின் அது நின்றுவிடலாம். நில்லாது பிழையான விடை தருதல் அதனினுங் கொடிது. மூன்றாம் பதிப்பு 2008 இல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 1 உடன் முடிந்தது. எனினும், அதற்கென எழுதிய நிரல்கள் இன்றும் எஞ்சியுள்ளன.

இவ்விடத்தே உதவுவது பொதி நிருவாகி என்னும் மென்பொருள். 2012 இல் வெளிவந்த ‘கொண்டா’ அத்தகையது. பெயரும் நம் செவிக்குத் தமிழ் ஏவற்சொல்லாகவே ஒலிக்கின்றது! வேண்டிய பொதியையும் அது சார்ந்திருக்கும் பிற பொதிகளையும் களஞ்சியத்திலிருந்து கொணர்ந்து, ‘சூழல்’ எனப்படும் தனித்தனி அறைகளில் அது நிறுவும். ஓரறையிற் பழைய பதிப்பும் மற்றோரறையிற் புதிய பதிப்பும் ஒன்றையொன்று தீண்டாது வாழும். ஒருமுறை இறக்கிய பொதியை மற்றோர் அறைக்கும் அது பயன்படுத்தும். நாவுல போன்ற ஊர்களில் ஒரு கணினியைப் பலர் பகிருமிடத்து இஃது இணையச் செலவைக் குறைக்கும்.

மாணவர் மனங்கொள்ள வேண்டியவை மூன்று. ஒன்று, லினக்ஸ் இயங்குதளத்தோடு வந்த பைதனை அகற்றலாகாது. தளத்தின் கருவிகள் பல அதனையே சார்ந்திருக்கும். இரண்டு, ஒவ்வோர் அறையிலுமுள்ள பொதிகளின் பெயரையும் பதிப்பெண்ணையும் ஒரு கோப்பில் எழுதுவித்துப் பேணுக. கணினி பழுதுற்றாலும் அப்பட்டியலைக் கொண்டு அவ்வறையை மீண்டும் அமைத்தல் கூடும். மூன்று, பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. அதனைப் பழைய வேலைக்கன்றிப் பிறவற்றிற்குப் பயன்படுத்தற்க.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஒரு பாடத்தைத் தெரிந்துகொண்டபோதும், ஏனைய பாடங்களை எறிந்துவிடாது அடிக்குறிப்பிற் பேணினார். எது எங்கிருந்து வந்தது என்பதை அறிந்து அதனதன் இடத்தில் வைக்கும் அவ்வொழுங்கே கணினிக்கும் வேண்டுவது.