தண்ணீர் வரி பாக்கியா?

தண்டலம் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்து வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் குடிநீர்க் கட்டண ரசீதைக் கேட்டுப் பாருங்கள். பாக்கி வீட்டுக்காரர் பெயரில் இருக்கலாம். ஆனால் இணைப்பைத் துண்டித்தால் குடம் தூக்கப்போவது நீங்கள்தான். ‘வாடகையிலேயே தண்ணீர் வரியும் அடக்கம்’ என்றால் அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கிராம ஊராட்சிகளில் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் இரண்டையும் 2023 முதல் அரசின் ‘விபி டாக்ஸ்’ இணையதளத்திலேயே கட்டலாம். கட்டியதும் ரசீதைத் தரவிறக்கி வையுங்கள். அதில் எந்த ஆண்டுக்கான தொகை என்று பாருங்கள். பழைய பாக்கி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் ரொக்கம் கொடுக்க வேண்டாம், தெரிந்தவராகவே இருந்தாலும்!

நிலுவை பெரிதாக இருந்தால் நோட்டீஸ் வரும்வரை காத்திராமல் ஊராட்சி செயலரைப் பாருங்கள். கணக்கில் தவறு இருந்தால் பழைய ரசீது நகலோடு எழுத்தில் மனு கொடுத்து, பெற்றதற்குக் கையொப்பம் வாங்குங்கள். தெருவுக்கே தண்ணீர் வராமல் கட்டணம் மட்டும் கேட்டால், மார்ச் 22 உலகத் தண்ணீர் தின கிராம சபையில் எழுந்து கேட்கலாம்.

வீடு வாங்குபவர்கள் பத்திரப் பதிவுக்கு முன்பே நடப்பு ஆண்டு வரை கட்டிய ரசீதைக் கையில் வாங்கிவிடுங்கள்.