சூப்பர்வைசரிடம் ‘ஃபவுல்’ சொல்வது எப்படி

பஹ்ரைனில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் கம்பெனி ரூம்களில் வியாழன் ராத்திரியே கேரம் போர்டைத் தூசி தட்டி எடுத்துவிடுவார்கள். ஈசா டவுன் பக்கம் உங்கள் கேம்ப்பில் டோர்னமென்ட் நடக்கிறது, “தம்பி, நீ அம்பயரா உக்காரு” என்கிறார்கள் என்றால் மறுக்காதீர்கள். ஹெல்பராகவோ ஸ்டோர் கீப்பராகவோ இருப்பவர் நாலு பேர் முன்னால் நிதானமாக முடிவு சொல்வதை மேலே உள்ளவர்கள் பார்க்கும் வாய்ப்பு சைட்டில் லேசில் அமையாது.

கேரமில் சண்டை காய் எண்ணுவதில் வருவதில்லை, கையால்தான் வருகிறது. விரல் ஸ்ட்ரைக்கரைச் சுண்டியதா, தள்ளியதா? ஸ்ட்ரைக்கர் கோட்டில் இருந்ததா? சட்டைக் கை காயில் உரசியதா? அரை நொடியில் நடந்து முடிந்துவிடும், போர்டில் தடயமே இருக்காது. இதில் பெரும்பாலானவை ஏமாற்று அல்ல என்பதை அம்பயர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மதுரைக்காரர், மலப்புறத்துக்காரர், ஹைதராபாத்காரர், டாக்காக்காரர் என்று ஒரே ரூமில் நாலு ஊர் ஆட்டம் கலந்திருக்கிறது. ஒருவருக்குக் கட்டைவிரலால் அடிப்பது குற்றம், இன்னொருவருக்கு அதுதான் பழகிய அடி. இருவருமே நேர்மையாகத்தான் கத்துகிறார்கள்.

பொதுவான விதி இருக்கிறது. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் உருவானது. அதன்படி கட்டைவிரல் உட்பட எந்த விரலாலும் அடிக்கலாம், ஆனால் சுண்ட வேண்டும், தள்ளக் கூடாது. ஸ்ட்ரைக்கர் இரண்டு அடிக்கோடுகளையும் தொட்டிருக்க வேண்டும். ஓரத்து வட்டத்தில் வைத்தால் அதை முழுக்க மூட வேண்டும். மூலையிலிருந்து வரும் அம்புக்கோட்டைத் தொடக் கூடாது. ஒரு அடிக்கு 15 நொடி. நாற்காலியை விட்டு எழுந்து அடிக்கக் கூடாது. ஈசா டவுன் சந்தையில் பழைய போர்டு தேடுபவர்கள் மரத்தின் பளபளப்பைவிடக் கோடுகள் அழியாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோடு தெரியாத போர்டில் எந்த அம்பயராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆட்டம் தொடங்குமுன் இந்த விதிகளைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உள்ளூர்ச் சலுகைகளையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும்: கை தவறி ஸ்ட்ரைக்கர் கோட்டைவிட்டு நகரவே இல்லையென்றால் மறுபடி அடிக்கலாமா, காயில் சட்டை பட்டால் பழைய இடத்தில் வைப்பதா, ரெட் போட்டவர் ஃபாலோ போடாவிட்டால் ரெட் எங்கே திரும்பும். ஆட்டத்தின் நடுவில் புது விதி கிடையாது. அதை முதலிலேயே எல்லோரிடமும் சத்தமாகச் சொல்லி வையுங்கள்.

இனி உங்கள் வேலை. கண் விரலில் இருக்கட்டும், காயின் பின்னால் ஓட வேண்டாம். பார்த்ததை உடனே சொல்லுங்கள், அடுத்த அடி விழுந்த பிறகு சொல்லும் ஃபவுலை யாரும் ஏற்கமாட்டார்கள். பார்க்கவில்லையா? “நான் பாக்கலண்ணே, ஆட்டம் போகட்டும்” என்பது மரியாதையான தீர்ப்பு. ஊகித்துச் சொல்லும் ஃபவுல்தான் ரூமையே இரண்டாக்குகிறது. சுற்றி நிற்பவர்களிடம் கை தூக்கச் சொல்லி ஓட்டெடுப்பும் வேண்டாம், ஊர்க்காரன் ஊர்க்காரனுக்குத்தான் தூக்குவான்.

கடினமான இடம், எதிரே சூப்பர்வைசர் உட்காரும்போது. காலையில் உங்கள் ஓவர்டைம் ஷீட்டில் கையெழுத்துப் போடுபவர் அவர். “சார், நீங்க அம்புக்கோட்டுல வச்சிட்டீங்க” என்றால் அவருடைய நடத்தையைக் குறைசொன்னதுபோல ஆகிவிடும். “சார், ஸ்ட்ரைக்கர் அம்புக்கோட்டுல இருந்துச்சு, ஃபவுல்” என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். குரல் உயர வேண்டாம், சிரிப்பும் வேண்டாம், விளக்கம் ஒரு முறை போதும். வாதம் நீண்டால் சுவரில் ஒட்டிய தாளைக் காட்டுங்கள். சின்னப் பையனுக்குச் சொன்ன அதே குரலில் அவருக்கும் சொன்னீர்களா என்பதைத்தான் மற்றவர்கள் கவனிக்கிறார்கள், அவரும் கவனிப்பார்.

உங்கள் ரூம்காரர் ஃபைனலுக்கு வந்துவிட்டால் அன்று மட்டும் அம்பயர் வேலையை வேறு ரூம்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அதை ஃபைனலன்று காலையிலேயே, யாரும் கேட்பதற்கு முன் செய்துவிடுவது நல்லது.