பார்ட் மாற்றியதும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதா? அக்கா சொல்லும் 8 டிப்ஸ்

ஊட்டிப் பக்கம் எமரால்டில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டால் சிபியுவைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் ஊட்டிக்குக் கொண்டுபோவோம். ஒருமுறை ரேம் மாற்றிய மறுநாளே அது தானாக அணைந்து அணைந்து எழுந்தது. கடையில் வைத்துப் பார்த்தால் இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடியது. வீட்டில் போட்டதும் பழையபடி ரீஸ்டார்ட். கடைசியில் பார்த்தால் ரேமில் குறையே இல்லை. ரேம் போடும்போது நகர்த்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிளக் லூசாகி இருந்தது. ஒரு நாள் வேலை போனதுதான் மிச்சம். உனக்கு அப்படி ஆகக் கூடாது தங்கச்சி. கடைக்குத் தூக்குவதற்கு முன் இந்த வரிசையில் பார்.

1. எந்த நேரத்தில் அணைகிறது?
பட்டனை அழுத்திய சில நொடிகளில் அணைந்தால் ரேம், பவர் ஒயர், கூலர் ஆகியவற்றைச் சந்தேகப்படு. விண்டோஸ் லோகோ வரும்போது என்றால் டிரைவர் அல்லது பயாஸ் செட்டிங். நன்றாக ஓடி, கேம் போட்டதும் அணைந்தால் சூடு அல்லது எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி). ஆனால் புது ரேம் போட்ட முதல் தடவை, போர்டு அதைப் பழகிக்கொள்ள ஓரிரு முறை தானே ரீஸ்டார்ட் ஆகும். டிடிஆர்5 என்றால் சில நிமிடம்கூட ஆகலாம். அவசரப்பட்டு அணைக்காதே.

2. ஒரு நேரத்தில் ஒன்றுதான்
பழைய பார்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. அதையே திரும்ப மாட்டிப் பார். சரியாக ஓடினால் சந்தேகம் புது பார்ட்டின் மேல். அப்போதும் ரீஸ்டார்ட் ஆனால், மாட்டும்போது வேறு ஏதோ அசங்கியிருக்கிறது. இரண்டு பொருளைச் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று கண்டுபிடிக்கவே முடியாது.

3. சுவர் பிளக்கில் நேராகச் சொருகு
எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் இரண்டையும் ஒதுக்கிவிட்டுச் சுவரில் நேராகச் சொருகிப் பார். பேட்டரி தேய்ந்த யுபிஎஸ், கரண்ட் ஒரு கணம் கண் சிமிட்டினாலே கம்ப்யூட்டரைக் கைவிட்டுவிடும். அந்த பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்.

4. ரேமைக் கழற்றி மாட்டு
பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடி. கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்று. மழைக்காலத்தில் நம் பக்கம் துணியே காயாது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்த அவலாஞ்சி நமக்குப் பக்கம்தானே! அந்த ஈரத்தில் ரேமின் தங்க நிறப் பற்களில் கறை படியும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிடு. வெட்டு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, கிளிப் பூட்டும் சத்தம் கேட்கும்வரை அழுத்து. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்.

5. பவர் ஒயர்கள்
போர்டுக்குப் போகும் 24 பின் ஒயரை யாரும் மறப்பதில்லை. பிராசஸர் பக்கத்தில் தனியாக இருக்கும் 4 அல்லது 8 பின் ஒயரைத்தான் மறப்பார்கள். கிராபிக்ஸ் கார்டு புதிது என்றால், அது கேட்கும் வாட் உன் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கிறதா என்று பார். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீ திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும்.

6. நம் ஊர்க் குளிரை நம்பாதே
'உறைபனி கொட்டுகிற ஊரில் எங்கே சூடாகும்?' என்று நினைக்காதே. கூலர் சரியாக உட்காராவிட்டால் பிராசஸர் சில நொடிகளில் 100 டிகிரியை நெருங்கி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். கூலரின் நான்கு காலும் பூட்டியிருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா பார். கூலரைக் கழற்றினால் பிராசஸர் மேல் இருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிது வை.

7. நீலத் திரையை நிறுத்திப் படி
நீலத் திரை வந்த வேகத்தில் மறைகிறதா? மூன்று முறை தொடர்ந்து விண்டோஸ் ஏறாவிட்டால் ரிப்பேர் திரை தானே வரும். அதில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் 9-ஐ அழுத்து. தானாக ரீஸ்டார்ட் ஆவது நின்று, பிழையின் பெயர் திரையில் நிற்கும். போனில் படம் எடுத்துக்கொள். 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அதில் ஒழுங்காக ஓடினால் பெரும்பாலும் டிரைவர் தகராறு.

8. மதர்போர்டு மாற்றுகிறாயா?
மாற்றுவதற்கு முன்பே படங்களையும் பாடங்களையும் பென் டிரைவில் எடுத்து வை. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வை. அது இல்லாவிட்டால் உன் ஹார்டு டிஸ்க்கை உன்னாலேயே திறக்க முடியாமல் போகலாம். மாற்றிய பிறகு லோகோவோடு நின்று சுற்றினால், பயாஸில் சாட்டா மோடு பழைய போர்டில் இருந்த மாதிரியே இருக்கிறதா பார்.

கருகிய வாடை வந்தாலோ பொறி பறந்தாலோ உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கடைக்கே போ. போகும்போது எந்த பார்ட்டை என்றைக்கு மாற்றினாய், எப்போது அணைகிறது, எதையெல்லாம் பார்த்துவிட்டாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. மெக்கானிக் முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது. வீட்டுக்கு வந்ததும் உடனே ஆன் செய்யாதே. பஸ் குலுக்கலில் ரேமும் ஒயர்களும் நகர்ந்திருக்கலாம், ஒருமுறை அழுத்திவிடு. பனியில் வந்த பெட்டி என்றால் இரண்டு மணி நேரம் வீட்டுக்குள் சும்மா இருக்கட்டும். உள்ளே கோத்த ஈரம் காய்ந்த பிறகு பட்டனை அழுத்து.