மாடு காணும் உலகம்

2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வன்னி மக்கள் பலர் தம் மாடுகளை அவிழ்த்துவிட்டே வெளியேறினார்கள். மீளக்குடியமர்ந்தபின் முன்பின் பழகாத மாடுகளைக் கொண்டே மீண்டும் தொடங்கவேண்டியிருந்தது. புது மாடு நம் கைக்குப் பழக நாளாகும். அதற்குள் "சொல்வழி கேளாத மாடு" என்று தடியை எடுத்துவிடுகிறோம். அது எதைக் காண்கிறது என்று முதலில் அறிந்துகொள்வோம்.

1. பக்கப் பார்வை

நம் கண்கள் முகத்தின் முன்புறம் உள்ளன. அசையாது நின்றால் சுற்றுவட்டத்தில் ஏறக்குறையப் பாதியையே, அதாவது 180 பாகையளவையே காண்கிறோம். மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் அது 300 பாகைக்கு மேல் காண்கிறது. நேர் பின்புறம் மட்டும் தெரியாது. அங்கிருந்து திடீரென வருபவரை அது உதைப்பது அச்சத்தினாலேயே. ஆகவே பக்கவாட்டில், குரல் கொடுத்தபடி அணுகுவோம்.

2. ஆழம்

இரு கண்களும் ஒரே பொருளைப் பார்க்கும்போதுதான் ஆழம் நன்கு தெரியும். மாட்டுக்கு அப்படித் தெரியும் பரப்பு முகத்திற்கு முன்னே ஒடுங்கியது. நமக்கு வெறும் நிழலாகத் தெரிவது அதற்குப் பள்ளமாகத் தோன்றலாம். பட்டி வாசலில் தயங்கித் தலையைத் தாழ்த்தும் மாட்டை அடியாமல், பார்த்து முடிக்க விடுவோம்.

3. நிறம்

நம் கண்ணில் நிறம் அறியும் கலங்கள் மூன்று வகை. மாட்டுக்கும் யானைக்கும் இரண்டு வகையே. சிவப்பையும் பச்சையையும் அவை எளிதில் பிரித்தறியா. மாட்டை வெருட்டுவது துணியின் சிவப்பு அன்று, அதன் அசைவே.

4. இரவு

மாட்டின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. அதனால் மங்கிய ஒளியிலும் அதற்குப் பார்வை உண்டு. வெளிச்சம் பட்டால் கண் மின்னும். நமக்கு அப்படலம் இல்லை. இரவில் ஏ-9 வீதியில் முகம் திருப்பிப் படுத்திருக்கும் மாட்டை மோட்டார் சைக்கிளில் வருபவர் கிட்ட வரும்வரை காணமாட்டார். பொழுதுபட முன் பட்டியில் அடைப்பது இரு உயிர்களுக்கும் காவல்.

இருளில் பார்க்க நமக்கும் மாட்டுக்கும் விற்றமின் ஏ தேவை. அது குறைந்தால் மாலைக்கண் வரும். பிள்ளைகளுக்கு முருங்கையிலையும் பப்பாசிப்பழமும் கொடுப்போம். நெடிய வரட்சியில் பச்சைத்தீன் கிடையாத மாட்டுக்கும் இந்நோய் வரலாம்.

கலந்துரையாட:

1. நம் பட்டி வாசலில் மாட்டை மிரட்டும் நிழலோ, அசையும் பொருளோ உண்டா?

2. இரவில் வீதியில் மாடுகள் படுக்காதிருக்க நம் ஊரவர் சேர்ந்து என்ன செய்யலாம்?