வைரம் பாயக் காத்திருக்கும் முதலீடு: இளம் வனப் பொருளியலாளர் ஒருவருக்குக் கடிதம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டு 2023 இறுதியோடு நிறுத்தப்பட்ட பிறகு, தோட்டக்காடுகளில் செய்யத்தக்க முதலீட்டைப் பற்றி இளம் பொருளியலாளர் எழுதியுள்ள அறிக்கையே இக்கடிதத்துக்குக் காரணம். காடு ஏன் காக்கப்பட வேண்டும் என்பதில் இரு தலைமுறைக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அறிக்கையின் மூன்றாம் அட்டவணையைக் கண்டும் காணாமல் விட இயலாது.

அந்த அட்டவணை இயற்கைக் காட்டு ஜாராவையும் தோட்டக்காட்டு நீலத் தைலமரத்தையும் 'வன்மரம்' என்ற ஒரே தலைப்பில் சேர்த்து, ஒன்றில் குறையும் கன மீட்டரை மற்றொன்றின் கன மீட்டர் ஈடுசெய்துவிடும் என்று முடிவு கட்டுகிறது. ஜாரா மெல்ல வளர்ந்து வைரம் பாயும் மரம்; செந்நிறமான அதன் கட்டை ஈரத்துக்கும் கரையானுக்கும் எளிதில் இரையாகாது என்பதால் 19ஆம் நூற்றாண்டில் லண்டன் தெருக்களுக்கே அதன் துண்டுகள் தளமாகப் பாவப்பட்டன. நீலகிரி மலைச்சரிவுகளிலும் நடப்பட்டுள்ள நீலத் தைலமரமோ, மேற்கு ஆஸ்திரேலியாவில் காகிதக் கூழுக்கான மரச்சில்லுக்காக 10 முதல் 15 ஆண்டுகளில் வெட்டுவதற்கென்றே நெருக்கமாக நடப்பட்டு, அல்பனி துறைமுகம் வழியே ஜப்பானுக்கும் சீனாவுக்கும் ஏற்றுமதியாவது. விரைந்து வளர்ந்த அதன் தண்டில் புறப்பகுதி இழுவிசையிலும் நடுப்பகுதி அழுத்தத்திலும் இருப்பதால், வெட்டியதும் முனை கதிர்கதிராக வெடிக்கிறது. அறுக்கும்போது ரம்பம் பாதி தூரம் போவதற்குள் பலகை வில்லாக வளைந்து விலகுகிறது. இதை ஒருமுறை அறுவை ஆலையில் நின்று பார்த்தவர் எவரும் அந்த அட்டவணையை எழுதியிருக்க மாட்டார். இயற்கைக் காட்டு வெட்டை நிறுத்தும் முடிவோடு 2021இல் மாநில அரசு அறிவித்த 35 கோடி டாலரும் மென்மரத்துக்கு, அதாவது பைனுக்கு உரியது. அது வீட்டின் சட்டகத்துக்கு உதவுமேயன்றி, ஜாராப் பலகை பாவிய தரைக்கு மாற்றாகாது.

தைலமரத்திலும் நல்ல பலகை எடுக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அதற்கு ஒரு ஹெக்டேரில் நட்ட ஏறத்தாழ 1,000 கன்றுகளைப் படிப்படியாகக் கலைத்து 200 முதல் 300 மரங்களாக்கி, கணுக்கள் நடுத்தண்டோடு நின்றுவிடும்படி ஏறத்தாழ 6 மீட்டர் உயரம்வரை கிளைகளை இளமையிலேயே கவாத்து செய்து, 25 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். கவாத்து, கலைப்பு ஆகிய இரண்டும் அறிக்கையில் ஓர் இடத்திலும் இல்லை. அவை இல்லாத தோட்டக்காட்டு மதிப்பீடு மதிப்பீடே அன்று.

இத்துறையில் நெடுங்காலம் இருப்பவர்களுக்கு 2009க்கு முந்தைய ஜூன் மாதங்கள் நினைவிருக்கும். ஆஸ்திரேலிய நிதியாண்டு ஜூன் 30இல் முடிவதால், போட்ட பணத்துக்கு அவ்வாண்டே வரிக்கழிவு கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டு முதலீட்டுத் திட்டங்கள் கடைசி வாரங்களில் விற்றுத் தீர்க்கப்பட்டன. மழை போதாத நிலங்களிலும் கன்று நடப்பட்டது. விளைச்சல் கணித்த அளவை எட்டவில்லை. அத்திட்டங்களை விற்ற டிம்பர்கார்ப், கிரேட் சதர்ன் நிறுவனங்கள் 2009இல் சரிந்தபோது சிறு முதலீட்டாளர்கள் சேமிப்பை இழந்தார்கள்; பல தோட்டங்கள் பின்னர் மேய்ச்சலுக்கே திரும்பின. இளம் பொருளியலாளர் இச்சரிவுக்கு ஒரே ஓர் அடிக்குறிப்பை ஒதுக்கியிருப்பது வருத்தத்துக்குரியது.

மஞ்சிமப், நன்னப் போன்ற ஊர்களில் அறுவை ஆலைகளை நம்பியிருந்த குடும்பங்களைப் பற்றிய ஐந்தாம் பகுதி வேறொரு கை எழுதியது போல் உயர்ந்து நிற்கிறது. இழப்பீட்டுத் தொகைக்கும் தொழில் மறைவுக்கும் இடையிலுள்ள தொலைவை இவ்வளவு தெளிவாக விளக்கிய எழுத்து இத்துறையில் அரிது. அப்பகுதி தனி நூலாகவே விரிக்கத்தக்கது.

ஆகவே மூன்றாம் அட்டவணை சில்லு, சட்டகம், பலகை என்ற பயன்பாடுகளின்படி பிரித்து மறுபடி எழுதப்பட வேண்டும். 10 ஆண்டில் கணக்கு முடிக்கும் நிதியங்கள் 25 ஆண்டு மரத்தைத் தாங்கா. ஓய்வூதிய நிதியங்களுக்கு அந்தப் பொறுமை உண்டு. ஆனால் வருவாய் எதுவும் வராத முதல் சில ஆண்டுகளில் கவாத்துக் கூலியை யார் தருவார் என்பதற்கு, எந்த நிதியத்திடம் போவதற்கு முன்பும், அறிக்கையில் விடை இருந்தாக வேண்டும்.